புதுப்பிப்பு: இங்கிலாந்தின் கேன் ஹில் கால்வாயில் 29 லாக்கும் (தண்ணீரை நிரப்பிப் படகை மேலே தூக்கும் கதவு வைத்த தொட்டிகள்) ஏறியாச்சு!

ரெண்டே பேர் நேரோபோட்டில் (ஒடுக்கமான, நீளமான கால்வாய்ப் படகு) ஒரே நாளில் மேலே இருக்கும் டிவைசஸ் ஊர் வரை ஏற முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா? ஏறிவிட்டோம். காலை எட்டுக்கு ஆரம்பித்து, மதியம் இரண்டரைக்கு மேலே!

"ஜோடிப் படகு தேடுங்க" என்று சொன்னவருக்குக் கோடி நன்றி. லாக் அகலமானது, ரெண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு வயதான தம்பதி சேர்ந்துகொண்டார்கள், வேலை பாதியானது. சுமார் 3 கிலோமீட்டரில் 72 மீட்டர் ஏற்றம். நடுவில் 16 லாக் படிக்கட்டு மாதிரி, ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் குளம் வெட்டித் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள்.

லாக் கதவைத் திறக்க, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் அசையவே அசையாது. கதவின் இரு பக்கமும் தண்ணீர் சமமான நொடியில் வெண்ணெயாக நகரும்.

சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். கணவர் மறந்து கரையில் இடித்தது தனிக் கதை. உள்ளங்கையில் நாலு கொப்புளம். கையுறை அவசியம்.