புதுப்பிப்பு: பிசிஓஎஸ், வெப்பநிலை சார்ட், கோத்தகிரி குளிர்

குழந்தைக்காக முயற்சி பண்றேன், எனக்கு பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால சினைமுட்டை ஒழுங்கா வெளிவராத பிரச்சினை) இருக்கு, எல்ஹெச் ஸ்ட்ரிப்ல (முட்டை வெளிவரப் போகுதான்னு சிறுநீர்ல பார்க்குற பட்டை) எப்பப் பார்த்தாலும் ரெண்டு கோடு வருது, எதை நம்புறதுன்னு கேட்டிருந்தேனே, அதோட தொடர்ச்சி.

ஸ்ட்ரிப்பை ஓரங்கட்டிட்டேன். பிசிஓஎஸ்ல பலருக்கு எல்ஹெச்ங்கிற ஹார்மோன் எப்பவுமே கூடுதலா இருக்கும். கோடு வந்தா முட்டை வந்துச்சுன்னு அர்த்தமில்லை. இப்ப வெப்பநிலைதான் பார்க்குறேன். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் உடம்புச் சூட்டை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏத்தும். மூணு நாள் தொடர்ந்து ஏறி நின்னாத்தான் கணக்கு. ஆனா அது நடந்து முடிஞ்சதைத்தான் சொல்லும். முன்கூட்டியே தெரியணும்னா முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுக்குற வெள்ளைப்படுதலைக் கவனிக்கணும். பிசிஓஎஸ்ல அதுவும் விட்டு விட்டு வந்து குழப்பும், அதனால ரெண்டையும் சேர்த்தே குறிக்கிறேன்.

கண் முழிச்சதும், கம்பளியை விட்டு எழுந்திரிக்காம அளக்கணும். இந்தக் குளிர்ல அது ஒண்ணும் கஷ்டமில்லை! "தினமும் காய்ச்சலாம்மா?"ன்னு அத்தைதான் கவலைப்பட்டாங்க.

சார்ட்டை ஊட்டியில டாக்டரம்மாகிட்ட காட்டினேன். முட்டை வருது, ரொம்பத் தாமதமா வருதுன்னாங்க. முட்டை வெளிவரத் தூண்டுற லெட்ரோசோல் மாத்திரை எழுதியிருக்காங்க. மெட்ஃபார்மின் (பிசிஓஎஸ்க்கும் தர்ற சர்க்கரை மாத்திரை) பத்திக் கேட்டவங்களுக்கு: எனக்கு எழுதலை. ஏறின சூடு 18 நாள் இறங்காம இருந்தா வீட்டுலயே கர்ப்ப டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்காங்க. இன்னும் அந்த நிலைக்கு வரலை.