தேர்வு நேரத்தில் கஃபீன்: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

ஆய்வகப் பயிற்றுநர்

செய்முறைத் தேர்வு, டைட்ரேஷன்: ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் முடிவுப்புள்ளியில் சட்டென்று நிறுத்த வேண்டும். முடிவுப்புள்ளிக்கு ரெண்டே சொட்டு பாக்கி. பையன் ப்யூரெட் என்ற அளவுக் குழாயின் திருகைத் தொட்டதும் விரல் வெடவெடவென்று நடுங்க, ஒரு மில்லி மொத்தமாக இறங்கிவிட்டது. வெளிர் ரோஜாவில் நிற்க வேண்டிய நிறங்காட்டி, ஃபீனால்ப்தலீன், கருஞ்சிவப்புக்குப் போய்விட்டது. அடுத்த ரீடிங்கும் அப்படியே. ராத்திரி 3 மணிவரை எனர்ஜி டிரிங்க், 500 மில்லி கேன் ரெண்டு. கேனுக்கு 160 மி.கி. கஃபீன், ஆக 320. பாதியாகக் குறையவே சராசரி 5 மணி நேரம் ஆகும். காலை 9 மணிக்கு உடம்பில் இன்னும் 140 மி.கி. போல மிச்சம், தூக்கமும் இல்லை. பாடம் தெரிந்த பையன், அதுதான் மனசு கேட்கவில்லை.

மருந்தாளுநர்

எல்லாருக்கும் 5 மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆளுக்கு ஆள் ரெண்டு மணி நேரத்திலிருந்து ஒன்பது மணி நேரம்வரை மாறும். நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு மாணவி வந்தார். குடித்தது வழக்கமான ரெண்டு கப் காபிதான். பையிலிருந்து எடுத்துக் காட்டிய மாத்திரை அட்டை சிப்ரோஃப்ளாக்சசின், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தது. கஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை அது தடுக்கும். அதே ரெண்டு கப் ரத்தத்தில் நெடுநேரம் தங்கிவிடும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். புகைப்பவர்களுக்கு நேர்மாறு, சீக்கிரம் கழியும். புகையை விட்ட பிறகும் பழைய அளவே குடித்தால் படபடப்பு வரும். முதலில் என்ன மருந்து ஓடுகிறது என்று கேளுங்கள்.

உடலியல் பிரிவு

ரெண்டு பேரும் கஃபீன் பொடியை விட்டுவிட்டீர்களே! 2015-ல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைக்காக ரெண்டு மாணவர்களுக்கு 0.3 கிராம் கஃபீன் கொடுக்க வேண்டியது. செல்போனில் போட்ட கணக்கில் தசமப்புள்ளி இடம் மாறி 30 கிராம் உள்ளே போனது. டயாலிசிஸ் செய்துதான் பிழைத்தார்கள். தூய பொடி ஒரு டீஸ்பூனே 3 கிராம் வரும். மில்லிகிராம் தராசு இல்லாமல் யாரும் அதைத் தொடக்கூடாது.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200, நாளைக்கு 400 மி.கி. வரை பாதுகாப்பு என்பார்கள். தூக்கத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மி.கி. எடுத்தாலே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. 11 மணிக்குப் படுப்பவர் கடைசிக் கப்பை மதியம் 2 மணிக்குள் முடிக்கட்டும். மூளையில் தூக்கத்தை வரவைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளின் இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அடினோசின் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். கஃபீன் இறங்கியதும் மொத்தமாக அழுத்தும்.

தேர்வு வாரத்தில் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், முதல் ரெண்டு நாள் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம்கூட இழுக்கும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறையுங்கள், மாலைக் கப்பிலிருந்து தொடங்குங்கள். மதியம் கண் சொக்கினால் ஒரு சின்னக் கப் குடித்த கையோடு 20 நிமிடம் அலாரம் வைத்துப் படுங்கள். எழும் நேரத்துக்குத்தான் கஃபீன் வேலை செய்யத் தொடங்கும்.