பூண்டை முழுசா முழுங்கினா மூட்டு வீக்கம் குறையுமா?

சட்டைப்பொத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 52. எட்டு மாசமா காலையில எழுந்தா ரெண்டு கை விரல் முட்டியும் வீங்கி விறைச்சுப் போயிருக்கு. சட்டைப் பொத்தான் போட முடியல, ஒரு மணி நேரம் போனாத்தான் விரல் மடங்குது. ரத்தத்துல சி.ஆர்.பி. (உடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டற டெஸ்ட்) பார்த்தாங்க, 14 வந்தது. டாக்டர் இன்னும் சில டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். எடுக்கல, தள்ளிப்போட்டுட்டேன்.

அதுக்குள்ள என் மச்சான், "வெறும் வயித்துல நாலு பல் பூண்டு போடு, உடம்புல இருக்கற வீக்கமெல்லாம் வடிஞ்சிடும்"னார். மென்னா வாய் நாறும்னு மாத்திரை மாதிரி தண்ணி ஊத்தி முழுங்கறேன். ஆறு வாரம் ஆச்சு. வீக்கம் அப்படியே இருக்கு, நெஞ்செரிச்சல் மட்டும் புதுசு. அளவைக் கூட்டணுமா?

இன்னொண்ணு, சொல்லவே வெட்கமா இருக்கு. போன வாரம் பூண்டை அரைச்சு விரல்ல பத்து போட்டுத் துணி சுத்திட்டுத் தூங்கினேன். காலையில பார்த்தா கொப்புளம்.

நாலுமணிப்பூ:
கூட்டாதீங்க அண்ணா! பச்சைப் பூண்டு தோலையே சுட்டுடும். வெறும் வயித்துக்குள்ள போனா எரியாம என்ன செய்யும்? பத்து போடறதை இன்னியோட விட்டுடுங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க.

மணிக்கட்டு:
தம்பி, எனக்கு முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கற மூட்டு நோய்) வந்து ஒன்பது வருஷம். இந்தப் பூண்டுப் பைத்தியம் எனக்கும் பிடிச்சிருந்தது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

உரிச்ச முழுப் பல்லை மோந்து பாருங்க, வாசனை அவ்வளவா இருக்காது. நசுக்கினா மூக்குல ஏறும். பூண்டுக்குள்ள அல்லீன்னு ஒரு பொருளும், அதை மாத்தற அல்லினேஸ்னு ஒரு நொதியும் தனித்தனி அறையில இருக்கு. நசுங்கும்போதுதான் ரெண்டும் சேர்ந்து அல்லிசின் உண்டாகுது. 1944-லேயே இதைப் பிரிச்செடுத்துட்டாங்க. அந்தக் காரமும் நாத்தமும் அதோடதுதான். நீங்க முழுசா முழுங்கினா, அந்த நொதி வேலையைத் தொடங்கறதுக்குள்ளேயே வயித்து அமிலம் அதை முடக்கிடும். வாய் நாறக்கூடாதுன்னு நீங்க தவிர்த்தது நாத்தத்தை மட்டும் இல்ல!

சாப்பிடணும்னா நசுக்கி, பத்து நிமிஷம் அப்படியே வெச்சிருந்து, அப்புறம் சமையல்ல சேருங்க. நறுக்கின உடனே சூட்டுல போட்டா நொதி செத்துடும். மைக்ரோவேவ்ல ஒரு நிமிஷமே போதும் அதுக்கு. வெறும் வயித்துல வேண்டவே வேண்டாம், சாப்பாட்டோட ஒண்ணு ரெண்டு பல் போதும்.

வீக்கம் குறையுமான்னு கேட்டீங்க. முடக்குவாதம் இருக்கற 70 பெண்களை வெச்சு ஒரு ஆய்வு 2020-ல வெளியாச்சு. ஒரு பகுதிப் பேருக்கு தினம் 1000 மில்லிகிராம் பூண்டு மாத்திரை, மத்தவங்களுக்கு வெத்து மாத்திரை, எட்டு வாரம். பூண்டு எடுத்தவங்களுக்கு சி.ஆர்.பி. குறைஞ்சது, வலியும் குறைஞ்சது. அழற்சியைக் காட்டற இன்னொரு ரத்த டெஸ்டான ஈ.எஸ்.ஆர். மட்டும் அசையல. ஆக, பூண்டுல ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது அளந்து கொடுத்த மாத்திரை, ஆளும் எழுபது பேர்தான். நம்ம வீட்டுப் பூண்டு அதே வேலையைச் செய்யும்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

அதைப் படிக்கறதுக்கு முன்னாடியே நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை போடற மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டு, ரெண்டு மாசம் பூண்டை நம்பி இருந்தேன். முதல் மூணு வாரம் நல்லாத்தான் இருந்தது (பழைய மருந்தோட தயவுன்னு பின்னாடி புரிஞ்சது). அப்புறம் ஒரு நாள் தண்ணிச் சொம்பைத் தூக்க முடியல. மருந்தை மறுபடி ஆரம்பிச்சதும் வலி அடங்குச்சு. இடது மணிக்கட்டு மட்டும் இன்னிக்கும் முழுசா மடங்காது.

ரெண்டு கையிலயும் வீக்கம், காலையில ஒரு மணி நேரம் விறைப்புன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்குப் பக்குன்னுது. எழுதிக் கொடுத்த டெஸ்ட்டுல ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி. (முடக்குவாதமான்னு பார்க்கற ரத்த டெஸ்ட்) இருக்கான்னு பாருங்க. ஆரம்பத்துல பிடிக்காம விட்டா மூட்டு அரிச்சுடும், அரிச்சது திரும்ப வளராது.

பல்லுப்பிடுங்கி:
பல் மருத்துவமனையில உதவியாளரா இருக்கேன். பெயரைப் பார்த்துப் பயப்படாதீங்க. சார், ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா? பூண்டை அதிகமா எடுத்தா, ரத்தத்தை உறைய வைக்கற தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறது குறையும். வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி மருந்தோட சேர்ந்தா ரத்தம் நிக்க நேரமாகலாம். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடியே பூண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்றது அதுக்குத்தான். சமையல்ல விழற பூண்டைப் பத்திச் சொல்லல, தினம் நாலு பல், மாத்திரை, இதைத்தான் சொல்றேன்.

சட்டைப்பொத்தான்:
ஆஸ்பிரின் 75 எடுக்கறேன் சார், நாலு வருஷமா, இதயத்துக்கு. அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப யோசிச்சா, பல் தேய்க்கறப்ப ஈறுல ரத்தம் வருது. பிரஷ் கெட்டிப் போச்சுன்னு புதுசு மாத்தினேன்.

பல்லுப்பிடுங்கி:
ஆஸ்பிரினை நீங்களா நிறுத்திடாதீங்க! முழுங்கற பூண்டை நிறுத்துங்க. ஈறு விஷயத்தையும், ஆறு வாரம் பூண்டு தின்னதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

சட்டைப்பொத்தான்:
சரி. டெஸ்ட் சீட்டைத் தேடி எடுத்துட்டேன், நீங்க சொன்ன அந்த ரெண்டு டெஸ்ட்டும் அதுல இருக்கு அக்கா. நாளைக்குக் காலையில ரத்தம் கொடுக்கப் போறேன். கூட வரேன்னு மச்சான் சொல்றார். அவர் இப்ப தினம் எட்டு பல்லாம்.