அமெரிக்காவில் சி.எஸ். முதல் செமஸ்டர்: 18 கிரெடிட் தாங்குமா?

கேள்வி:
ஆகஸ்டில் பி.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறேன், எஃப்-1 (மாணவர்) விசா. இப்போதைக்குத் தேர்ந்திருப்பவை (அடைப்புக்குறியில் கிரெடிட், அதாவது பாடத்தின் எடை): புரோகிராமிங் 1 (4), கால்குலஸ் 1 (4), லேபோடு ஃபிசிக்ஸ் (4), ஆங்கிலக் கட்டுரை (3), பொருளாதாரம் (3). மொத்தம் 18. எங்கள் பல்கலைக்கழகத்தில் 12 முதல் 18 வரை ஒரே ஃபீஸ், அதனால் முழுவதையும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில் 1:
வேண்டாம். பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட்; எட்டு செமஸ்டருக்குப் பிரித்தால் 15தான். 1 கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம் வகுப்பு, வெளியே 2 மணி நேரம் படிப்பு என்பது அங்கே பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 18 என்பது வாரம் 54 மணி நேரம். புரோகிராமிங் இந்தக் கணக்குக்குள் அடங்காது, ஒரு பிழையைப் பிடிக்கவே ஒரு சாயங்காலம் போய்விடும். லேபில் நிற்கும் நேரமும் கிரெடிட்டைவிட அதிகம், ரிப்போர்ட் வேலை தனி.

ஃபிசிக்ஸை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். கால்குலஸ் முடித்த பிறகு அது எளிதாகவும் இருக்கும். மிச்சம் 14, போதும்.

பதில் 2:
14 கொஞ்சம் ஆபத்து. எஃப்-1 மாணவர் 12க்குக் கீழே போகக் கூடாது. பாதியில் ஒரு 3 கிரெடிட் பாடத்தை விட்டால் 11 ஆகிவிடும், விசா நிலையே போய்விடும். 1 கிரெடிட் முதலாண்டு செமினார் ஒன்றைச் சேர்த்து 15 ஆக்குங்கள். அப்போது 3 கிரெடிட் பாடத்தை விட்டாலும் 12 நிற்கும். 4 கிரெடிட் பாடத்தை விட வேண்டி வந்தால், விடுவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். விட்ட பிறகு போய்ச் சொல்வது பலிக்காது. ஆன்லைன் பாடத்தில் ஒன்று, அதாவது 3 கிரெடிட் வரைதான் இந்த 12இல் சேரும்.

முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) தடம் இருக்காது. அதற்குப் பிறகு 'டபிள்யூ' (பாடத்தை விட்டதற்கான குறி) விழும்; ஜி.பி.ஏ. (சராசரி கிரேடு) குறையாது, ஆனால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. தடமில்லாமல் விடுவதற்கும் 'டபிள்யூ'வோடு விடுவதற்கும் உள்ள இரண்டு கடைசித் தேதிகளையும் இப்போதே குறித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பன்னிரண்டாம் வகுப்பிலேயே கால்குலஸ் படித்தாயிற்றே, நேரே கால்குலஸ் 2 போகலாமா?

பதில் 3:
பிளேஸ்மென்ட் டெஸ்ட் (எந்த நிலைப் பாடத்தில் சேரலாம் என்று பார்க்கும் தேர்வு) இருந்தால் எழுதிப் பாருங்கள். ஆனால் கால்குலஸ் 2இல் முடிவிலாத் தொடர்கள் குவிகின்றனவா என்று சோதிக்கும் பகுதிதான் பலரைத் தடுக்கிறது. பள்ளியில் அது பெரிதாக வராது. புதிய ஊர், புதிய பாடமுறை இரண்டும் சேரும் செமஸ்டரில் கால்குலஸ் 1 எடுப்பது நஷ்டமில்லை.

கவனம் வேண்டியது புரோகிராமிங் 1, 2, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ் என்ற சங்கிலியில்தான். பல துறைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 'சி' கிரேடு வாங்கினால்தான் அடுத்ததற்கு விடுவார்கள். சில பாடங்கள் வருஷத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒன்றில் சறுக்கினால் ஒரு வருஷம் தள்ளிப்போகும். 18இல் மிச்சமாகும் பணத்தைவிட அது பல மடங்கு செலவு. இரண்டாம் செமஸ்டரில் புரோகிராமிங் 2உடன் டிஸ்க்ரீட் மேத்ஸும் எடுங்கள்.

பணம் மிச்சம் பிடிக்க, பொருளாதாரம் மாதிரிப் பொதுப்பாடங்களைக் கோடையில் கம்யூனிட்டி கல்லூரியில் முடிக்கலாம். அந்தக் கிரெடிட் ஏற்கப்படும் என்று அட்வைசரிடம் மின்னஞ்சலில் முன்கூட்டியே உறுதி வாங்கிவிடுங்கள்.