கேனபி ஸ்கர்ட்: 'கவிகைக்கச்சை' பொருந்துமா?

சிறு விமானத்தில் விமானியின் தலைக்கு மேலுள்ள கவிகையின் (canopy) கீழ் விளிம்பைச் சுற்றி மூடும் தகட்டை ஆங்கிலத்தில் canopy skirt என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கவிகைக்கச்சை' என்று முன்மொழிந்திருந்தேன்.

> 'கவிகைப் பாவாடை' என்றே வைத்துவிடலாமே ஐயா. ஆங்கிலத்திலும் பாவாடைதானே?

வைக்கலாம் அம்மா. ஆனால் பாவாடை தொங்கும், விரியும், காற்றில் பறக்கும். சொந்தமாக விமானம் கட்டுகிறவர் இந்தத் தகடு காற்றில் தூக்கவே கூடாது என்றுதான் அதோடு மல்லுக்கட்டுகிறார். ஹோவர்கிராஃப்டின் அடியில் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் தொங்கலுக்கு வேண்டுமானால் பாவாடை சரி.

கவிகை என்று நாம் ஏற்றுக்கொண்டது விமானியின் தலைக்கு மேலுள்ள அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) குமிழியை. அதன் கீழ் விளிம்புக்கும் விமானத்தின் உடற்கூட்டுக்கும் இடையே ஒரு சந்து இருக்கும். அதை வெளியிலிருந்து மூடுவதுதான் இந்த மெல்லிய அலுமினியத் தகடு. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மேல் ஓரம் கவிகையோடும் அதன் சட்டத்தோடும் சேர்த்துத் தறையப்பட்டிருக்கும் (ரிவெட் அடிக்கப்பட்டிருக்கும்). கவிகை திறந்து மூடவேண்டும் என்பதால் கீழ் ஓரத்தை எதனோடும் பிணைக்க முடியாது. அது உடற்கூட்டின் மேல் சும்மா படிந்திருக்கும்.

வம்பே அந்தக் கீழ் ஓரத்தில்தான். பறக்கும்போது கவிகையின் வளைவைச் சுற்றி ஓடும் காற்றின் அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைகிறது. தரையில் அழகாகப் படிந்திருந்த தகடு மேலே போனதும் வாய் பிளக்கும். இரைச்சல், குளிர்காற்று, மழைநீர் எல்லாம் உள்ளே வரும். அதனால்தான் பொருத்துவதற்கு முன்பே ஓரத்தைச் சற்று உள்நோக்கி வளைத்துவிடுகிறார்கள். அப்போது அது வில்போல உடற்கூட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். பொருத்தியபின் அடியில் ஒரு தாளை நுழைத்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பிடிக்கிற இடம் சரி, வழுக்கிக்கொண்டு வருகிற இடத்தில் இன்னும் வளைக்கவேண்டும்.

பக்கவாட்டில் இது ஓரளவு எளிது. பின்பகுதியில்தான் தகடு பாடாய்ப் படுத்தும். அங்கே பரப்பு இரண்டு திசையிலும் வளைகிறது. தட்டையான தகடு உருளையைச் சுற்றும், உருண்டையைச் சுற்றாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும். முதலில் அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்து, பிறகு உலோகத்தின் ஓரத்தைச் சுருக்கியோ நீட்டியோ வழிக்குக் கொண்டுவரவேண்டும். 2024-டி3 போன்ற விறைப்பான அலுமினியக் கலவை லேசில் மசியாது. பொறுமை போய் இழைக்கண்ணாடிக்கு (ஃபைபர்கிளாஸ்) மாறுகிறவர்களும் உண்டு.

அக்ரிலிக்கில் துளையிடுவது தனிக் கதை. சாதாரண துரப்பணமுனை கடித்து இழுத்து விரிசல் விட்டுவிடும். அக்ரிலிக் வெப்பத்தில் அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு விரியும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு மீட்டர் நீளத்தில் 30 டிகிரி மாறினால் அக்ரிலிக் சுமார் 2 மில்லிமீட்டர் நகரும், அலுமினியம் 0.7 மில்லிமீட்டர்தான். துளையைச் சற்றுப் பெரிதாக விடாவிட்டால் குளிர்ந்த நாளில் கவிகை தானாகவே விரிசல் விடலாம்.

ஆக, சுற்றி வரவேண்டும், படியவேண்டும், இறுக்கிப் பிடிக்கவேண்டும். இதற்குக் கச்சையைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. 'கச்சை கட்டிக்கொண்டு கிளம்பினார்' என்று இன்றும் சொல்கிறோம், புழக்கமும் போய்விடவில்லை. பக்கக்கச்சை, பின்கச்சை, உலோகக்கச்சை என்று கிளைச்சொற்களும் தாமாக வருகின்றன.

முன்பு வந்த 'விளிம்புத்தகடு' வேண்டாம்; இறக்கைக்கு முன்விளிம்பு, பின்விளிம்பு ஏற்கெனவே இருக்க, குழப்பம்தான் மிஞ்சும். 'இறவாரம்' அழகான சொல், ஆனால் கூரையின் இறவாரம் சுவரைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. நமக்கு வேண்டியது நேர் எதிர்.

> மார்க்கச்சை நினைவுக்கு வருகிறதே. பட்டறையில் சிரிக்கமாட்டார்களா?

பாவாடைக்கு மட்டும் சிரிக்காமல் இருப்பார்களா?

> சரி, கச்சைக்கு என் வாக்கும் உண்டு. ஆனால் 'கச்சைத்தகடு' என்று நீட்டவேண்டாம், இழைக்கண்ணாடியில் செய்தால் அதைத் தகடு என்று யாரும் சொல்வதில்லை.

ஒத்துக்கொள்கிறேன். பொதுச்சொல் கவிகைக்கச்சை, உலோகமா இழையா என்பதை முன்னொட்டில் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து, தறையாணி (ரிவெட்) அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் க்ளீகோ பாக்கி. 'தற்காலிகத் தறையாணி' எனக்குப் பிடிக்கவில்லை. 'பிடியூசி' எப்படி?