வாடைக்காத்து வெள்ளையாக் கொட்டுற ஊருக்குப் போனவங்க வாங்க

கீழக்கரை கப்பல்காரன்:

போன வாரம் எங்க தெருவுல ஒரு வாக்குவாதம். உலகத்துலயே பனி அதிகமாக் கொட்டுற ஊர் எது? ஒருத்தர் காஷ்மீர்ங்கறார். ஒருத்தர் சைபீரியா. தம்பி கனடாவுல இருக்கவர் கனடாதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். பேசுன அஞ்சு பேர்ல ஒருத்தர்கூடப் பனியை மிதிச்சவர் இல்ல. கப்பல், பட்டாளம், கம்ப்யூட்டர்னு நம்ம கரைக்காரங்க போகாத ஊரா? கண்ணால பார்த்தவங்க எழுதுங்க. கேள்விப்பட்டது வேணாம்.

முதல்ல நான். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு சனவரி. ஜப்பானோட வடக்குத் தீவு ஹொக்கைடோவுல தொமகொமாய்ங்கற துறைமுகத்துல கப்பலைக் கட்டியிருந்தோம். டெக்குல கையுறை இல்லாம இரும்பைத் தொட்டா தோல் ஒட்டிக்கிற குளிர். ஆனா தரையில பனி கணுக்காலுக்குக்கூட இல்ல, வெயில் பளிச்சுன்னு அடிக்குது. இதுக்கா இவ்வளவு பேச்சுன்னு நினைச்சேன். குக் எங்க ஊர் காக்கா ஒருத்தர் (எங்க பக்கம் அண்ணனைக் காக்கான்னுதான் சொல்வோம்). லீவு கிடைச்சதும் ரெண்டு பேரும் பஸ் ஏறி சப்போரோ போனோம். அறுபது எழுபது கிலோமீட்டர்தான், ராம்நாட்டுல இருந்து ராமேஸ்வரம் போறதைவிடக் கொஞ்சம் கூட. பாதி வழியில வானம் மூடிக்கிச்சு. சப்போரோவுல இறங்குனா நடைபாதைக்கு ரெண்டு பக்கமும் என் நெஞ்சு உயரத்துக்குப் பனிச்சுவர். ரோட்டுக்கு மேல வரிசையா அம்புக்குறி கீழ பார்த்துத் தொங்குது. ரோடு எங்க முடியுதுன்னு அதைப் பார்த்துத்தான் பனி தள்ளுற வண்டிக்காரருக்கே தெரியுமாம். காக்கா சொன்ன ஒரே வார்த்தை: "யா அல்லாஹ், ஐஸ் கம்பெனி வெடிச்சிருச்சு."

சப்போரோவுல கிட்டத்தட்ட 20 லட்சம் சனம். ஒரு குளிர்காலத்துல விழுற பனியைக் கூட்டிப் பார்த்தா சராசரி 5 மீட்டர் பக்கம் வரும். அவ்வளவு பெரிய ஊர் இவ்வளவு பனியில உலகத்துலயே அபூர்வம்.

கப்பலுக்குத் திரும்புனதும் செகண்ட் ஆபீசர் சேட்டிலைட் படத்தை விரிச்சுக் காட்டினார். ரஷ்யக் கரையில இருந்து கொஞ்ச தூரம் கடல் வெறுமையா இருக்கு. அப்புறம் சீப்பு வச்சு வாரின மாதிரி கோடு கோடா மேகம், நேரா ஜப்பான் மலையில வந்து முட்டுது. சைபீரியாக் காத்து வறண்ட காத்து. ஜப்பான் கடல் அதைவிடச் சூடு. கடலைத் தாண்டுற வழியில ஈரத்தைக் குடிச்சு, மலையில ஏறும்போது கொட்டுது. தொமகொமாய் இருக்கது மலைக்குப் பின்னாடி, பசிபிக் பக்கம். அங்க வந்து சேர்றதுக்குள்ள காத்துல சரக்கு தீர்ந்துடுது.

பாம்பன் வலைக்காரன்:

அண்ணே, நான் பனியைப் பார்த்ததில்ல, மீன் பெட்டியில அள்ளிப் போடுற ஐஸோட சரி. கண்ணால பார்த்தவங்க மட்டும்னு சொன்னீங்க, மன்னிச்சுக்கங்க. ஆனா நீங்க சொன்னது நம்ம வாடைதானே? ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குல இருந்து வர்ற காத்து தரையில கிளம்பும்போது வறண்ட காத்துதான். வங்கக் கடலைத் தாண்டி வர்றதாலதானே நமக்கு மழை. அது இல்லாட்டி ராம்நாடு ஜில்லா கருவேலங்காட்டுக்குக்கூட லாயக்கில்ல. அப்போ ஜப்பான்காரனுக்கும் வாடைதான், அவனுக்கு வெள்ளையா விழுது. சரியா?

கீழக்கரை கப்பல்காரன்:

நூத்துக்கு நூறு. நீங்க பார்க்காமலே புரிஞ்சுக்கிட்டீங்க தம்பி. இருங்க, கதை கேளுங்க.

சாயல்குடி பட்டாளம்:

பதினேழு வருச சர்வீஸ்ல ஏழு குளிர்காலம் காஷ்மீர், லடாக் பக்கம். கடலெல்லாம் தெரியாது, மலையைச் சொல்றேன்.

எல்லாரும் லே, லடாக்னதும் பனி பனின்னு சொல்வீங்க. லே 3,500 மீட்டர் உயரம், குளிர்ல சாப்பாடு கட்டையாப் போகும். ஆனா மழையும் உருகுன பனியும் சேர்த்து வருசத்துக்கு 10 சென்டிமீட்டர் அளவுதான். நம்ம வறண்ட ராமநாதபுரத்துல பெய்யறதுல எட்டுல ஒரு பங்கு! அங்க பனி தூசி மாதிரி கிடக்கும், காத்து தூக்கிட்டுப் போயிரும்.

மெய்யான பனி ஜோஜிலா கணவாய்க்கு இந்தப் பக்கம். சோனமார்க், குல்மார்க். குல்மார்க் 2,650 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு, குளிரும் குறைவு. ஆனா மத்தியதரைக்கடல் பக்கம் இருந்து மேற்கே கிளம்பி வர்ற மேகம் முதல்ல முட்டுறது பீர் பஞ்சால் மலையில. ஒரு நாள் ராத்திரி டூட்டி முடிச்சுப் படுத்தேன். காலையில கதவைத் திறந்தா வெளியே வெள்ளைச் சுவர், அதுல எங்க கதவோட அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. உள்ள இருந்தே கரண்டியால குடைஞ்சு வெளிய வந்தோம். கூட இருந்த உசிலம்பட்டிப் பையன், "அண்ணே, நம்மளைப் பொதச்சுட்டாங்க"ன்னு அழாத குறை.

அங்க குளிர்காலத்துக்கே பேர் வச்சிருக்காங்க. டிசம்பர் 21ல இருந்து 40 நாள் சில்லை கலான், அப்புறம் 20 நாள் சில்லை குர்த், கடைசி 10 நாள் சில்லை பச்சா. நம்ம அக்கினி நட்சத்திரம் மாதிரி, ஆனா தலைகீழ். முதல் பனி விழுந்தா "ஷீன் முபாரக்"னு வாழ்த்துவாங்க. அங்கிக்குள்ள காங்ரின்னு கனல் சட்டியை வச்சுக்கிட்டுத்தான் நடமாட்டம். ரோடு அடைச்சா காய்கறி வராதுன்னு கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காயைக் கோடையிலேயே காய வச்சு வச்சுக்குவாங்க. ஸ்ரீநகர் கடைத்தெருவுல ஒரு நாள் ஒரு வாசம் வந்துச்சு பாருங்க, நின்ன இடத்துலயே நின்னுட்டேன். கருவாடு! ஆத்து மீனைக் காய வச்சு வித்துக்கிட்டிருக்கார் ஒரு பெரியவர். மொழி தெரியாது. நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். அரைக் கிலோ வாங்கி பாசறையில வதக்கினேன். அந்தக் கதையை விடுங்க, வாசத்துக்கு சுபேதார் கிட்ட வாங்கினது இன்னும் காதுல இருக்கு.

பனியைப் படத்துல பார்த்து அழகுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. புதுசா விழுந்தது பஞ்சு, ஒரு கன மீட்டர் 50ல இருந்து 100 கிலோ. அழுந்தினா 300 கிலோவைத் தாண்டும். தகரக் கூரையில இருந்து சரிஞ்சு விழுந்தா ஆள் காலி. அங்க நான் கேட்டுப் பயந்த சத்தம் குண்டுச் சத்தம் இல்ல.

தேவிப்பட்டினம் வாத்தியார்:

குறுக்கே ஒரு சொல். "பனி"ங்கற ஒரே வார்த்தையை நாம எதுக்கெல்லாம் சொல்றோம்? மார்கழிக் காலையில புல் மேல நிக்கிறது பனி. ஊட்டியில புல் வெள்ளையாப் போறது உறைபனி, அது வானத்துல இருந்து விழுறது இல்ல, தரையிலேயே உறையறது. இங்க பேசுறது வெண்பனி. என் வகுப்புல ஒரு பையன் ஊட்டியில பனி கொட்டுதுன்னு எழுதி, நான் சுழிச்சு, அவங்க அப்பா சண்டைக்கே வந்துட்டார்.

தங்கச்சிமடம் டூ நாகாவோகா:

கப்பல் அண்ணன் சொன்ன அதே ஜப்பான் கடல் பக்கம், நிகாத்தா மாகாணத்துல நாகாவோகாங்கற ஊர்ல நாலு வருசமா இருக்கேன். குளிர்னு பார்த்தா பெரிய குளிர் இல்ல. சனவரியில பூச்சியம் டிகிரிக்கு ஒண்ணு ரெண்டு மேலயும் கீழயும். ஆனா பனி? மூணு நாள் நிக்காமக் கொட்டும். இந்த ஊர் பனி நம்ம கார்த்திகை அடைமழை மாதிரி, கனமா, ஈரமா, சொதசொதன்னு. பொடிப்பனி கேக்குறவங்க ஹொக்கைடோ போகட்டும்.

இங்க ஒரு வேடிக்கை. ரோட்டு நடுவுல குழாய் பதிச்சு, அதுல சின்னச் சின்னத் துளை. பனி விழ ஆரம்பிச்சா பூமிக்கடியில இருந்து தண்ணியை இழுத்துப் பீச்சும். நிலத்தடித் தண்ணி எந்தக் காலத்துலயும் 13, 14 டிகிரி இருக்கும், பனியைக் கரைச்சுட்டுப் போயிரும். 1960கள்ல இந்த ஊர்லதான் இது வந்துச்சு. தண்ணியில இருக்க இரும்புச் சத்தால ரோடே துருப்பிடிச்ச சிவப்பு. அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். "நல்ல தண்ணியாப்பா அது?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. ஊத்துத் தோண்டிச் சிரட்டையால குடத்துல மொண்டவங்க அவங்க. ரோட்டுக்கு நல்ல தண்ணின்னா தாங்குமா? அப்புறம், "அவங்களை நிப்பாட்டச் சொல்லு"ன்னாங்க.

கூரைப் பனி தள்ளுறதுக்கு யுகிஒரோஷின்னு பேர். எங்க தெருவுல எல்லாம் எழுபது வயசுக்கு மேல. இளசுங்க டோக்கியோ போயிட்டாங்க. அதனால ஞாயித்துக்கிழமை நானும் கூட வேலை பார்க்குற வியட்நாம் பையனும் கயிறு கட்டிக்கிட்டு ஏறுவோம். வருசா வருசம் கூரையில இருந்து விழுந்து சாகுற பெரியவங்க செய்தி வரும். அதான் மனசு கேக்காது. கூலி தந்தாலும் வாங்குறதில்ல, ஊறுகாயும் மோச்சிங்கற அரிசிப் பண்டமும் குடுப்பாங்க.

பக்கத்துல தகாதான்னு பழைய ஊர். 1945 பிப்ரவரியில அங்க தரையில கிடந்த பனி 377 சென்டிமீட்டர். வீட்டுக்கு வீடு முன்பக்கக் கூரையை நீட்டி, தெரு நெடுக நிழல்பாதை போட்டிருக்காங்க, நம்ம ஊர்த் திண்ணையை எல்லாம் ஒண்ணாச் சேர்த்த மாதிரி. அவங்கவங்க சொந்த நிலத்துல, ஊர்சனம் நடக்கறதுக்காக விட்டது. வெளிய ரெண்டாள் உயரம் பனி இருந்தாலும் அடியில நடந்து கடைக்குப் போகலாம்.

போட்டிதான் வேணும்னா அவோமோரி. மாகாணத் தலைநகர்கள்ல அதுக்கு மேல பனி கிடையாது, வருசத்துக்குச் சராசரி அஞ்சரை மீட்டருக்கு மேல விழுது. அதுக்கு மேல மலையில சுகாயுன்னு வெந்நீர் ஊற்று, 2013 பிப்ரவரி 26 அன்னைக்கு 566 சென்டிமீட்டர் கிடந்துச்சு. மலையுச்சியையும் சேர்த்தா இபுகி மலையில 1927ல 1,182 சென்டிமீட்டர். ஊர்னு கேட்டீங்க, மலை வேணாம்.

மண்டபம் முகாமில் பிறந்தவன்:

நான் பிறந்தது மண்டபம் முகாமிலை, இப்ப ரொறொன்ரோ. கனடா எண்டு சொன்ன அண்ணைக்கு ஒரு விளக்கம்: ரொறொன்ரோவிலை ஸ்னோ பெரிசா இல்லை. பாக்கோணும் எண்டால் நியூஃபவுண்ட்லாந்திலை சென். ஜோன்ஸ் போகோணும். 2020 சனவரி 17 ஒரே நாளிலை 76 சென்டிமீட்டர், அதோடை புயல்காத்து. எட்டு நாள் ஊரை மூடி, ஆமியைக் கூப்பிட்டவை. என்ரை சிநேகிதன் அப்ப அங்கை படிச்சவன், கதவு திறக்கேலாமல் யன்னலாலை இறங்கினவன்.

அந்தக் கரையை எங்கட சனம் மறக்கேலாது. 1986 ஓகஸ்டிலை உயிர்காப்புப் படகிலை மிதந்த 155 தமிழரை அந்தக் கரை மீன்பிடிகாரர்தான் காப்பாத்தினவை. கோடை எண்டபடியாலை தப்பிச்சினம். சனவரி எண்டால் கதை வேறை.

தொண்டிப் பொண்ணு, சிராக்யூஸ்:

அமெரிக்காவுல நியூயார்க்னா எல்லாரும் பெரிய கட்டடம்தான் நினைப்பாங்க. அதே மாநிலத்துல வடக்கே சிராக்யூஸ். ஒரு லட்சத்துக்கு மேல சனம் இருக்க அமெரிக்க ஊர்கள்ல பனிக்கு முதல் வரிசை, வருச சராசரி 3 மீட்டர். 1992-93 குளிர்காலத்துல 488 சென்டிமீட்டர். இங்க கடல் கிடையாது, ஒன்டாரியோ ஏரி. ஆனா வேலை ஒண்ணுதான்: குளிர்காத்து ஏரியைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிட்டு வந்து கொட்டும். பஃபலோ பக்கம் இருக்க ஈரி ஏரி ஆழம் கம்மி, பாதிக் குளிர்காலத்துல உறைஞ்சு மூடிக்கும், அப்புறம் பனியும் குறையும். ஒன்டாரியோ ஆழம், லேசுல உறையாது. அதனால எங்களுக்கு மார்ச் வரைக்கும் விடிவு இல்ல.

பனி பட்டையா வரும், ஒரு தெருவுல கொட்டும், அடுத்த தெருவுல வெயில். 2014 நவம்பர்ல பஃபலோவுக்குத் தெக்கே ஒன்றரை மீட்டருக்கு மேல, வடக்கே சில அங்குலம்! மாமியார் வந்திருந்தப்போ கார்ல போறோம், திடீர்னு முன்னாடி வெள்ளைத் திரை. அவங்க அசரவே இல்ல. "கடல்ல மழை நடந்து வருமே, அதானே"ன்னாங்க. தொண்டிக் கரையில நின்னு பார்த்தவங்களுக்கு இதெல்லாம் அதிசயமா?

பக்கத்து ஊர்களோட எங்களுக்கு ஒரு பந்தயமும் உண்டு, எந்த ஊருக்கு அதிகம் விழுந்துச்சுன்னு. கோல்டன் ஸ்னோபால்னு கோப்பை. பெரும்பாலும் நாங்கதான் ஜெயிப்போம். ஜெயிச்சா என்ன, காரைத் தோண்டி எடுக்கிறது நான்தான்.

பாம்பன் வலைக்காரன்:

ஒரு கணக்கு கேக்கணும் வாத்தியாரே. 2024 நவம்பர் 20ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை ஊத்துச்சு. எங்க வீட்டுல அடுப்பு மிதந்துச்சு. அது மட்டும் பனியா விழுந்திருந்தா?

தேவிப்பட்டினம் வாத்தியார்:

குத்துமதிப்பா ஒண்ணுக்குப் பத்து. 4 மீட்டர். உங்க வீட்டு ஓட்டுக்கு மேல.

சாயல்குடி பட்டாளம்:

வாத்தியாரே, பயமுறுத்தாதீங்க. ஆனாலும் என் ஓட்டு குல்மார்க்குக்குத்தான். கருவாடு கிடைக்குது.

கீழக்கரை கப்பல்காரன்:

சரி, தெருக்காரங்ககிட்ட சைபீரியா இல்லன்னு சொல்லிடுறேன். அங்க குளிர் இருக்கு, ஈரம் இல்ல. அவோமோரின்னு சொன்னா எங்க இருக்குன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு வாரம் ஓடும்.

பாம்பன் வலைக்காரன்:

டோக்கன் போட்டாச்சு, ராத்திரி கடலுக்கு. தங்கச்சிமடத்துத் தம்பி, பொங்கலுக்கு வர்றீங்களா?

தங்கச்சிமடம் டூ நாகாவோகா:

எங்க அண்ணே, சனவரியிலதான் கூரை வேலையே. கருவாடு மட்டும் குடுத்து விடுங்க. வாடை வெளிய வராம நாலு கவர் போட்டுக் கட்டுங்க, இங்க அடிக்கிற வாடையே போதும்.