இருக்கை மாற்றித் தரக் கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும்: மனத்தை விட்டு அகலாத அனுபவங்கள்

மழைக்குருவி:

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனாலும் அந்த மனிதரிடம் நான் பேசிய விதம் இன்னும் என்னை உறுத்துகிறது. எனக்குக் கிடைத்தது 22 ஈ, நடு இருக்கை. நான்கு வயது மகனுக்கோ ஐந்து வரிசை முன்னால், 17 பி. அவனுக்கு அடுத்த 17 சி காலியாக இருந்ததால், அதற்குரியவர் வருவதற்கு முன்பே அதில் உட்கார்ந்து மகனுக்கு பெல்ட்டும் போட்டுவிட்டேன். அவர் வந்து போர்டிங் பாஸைப் பார்த்தார், மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "குழந்தை தனியாக இருக்கிறான், நீங்கள் பின்னால் 22-இல் உட்கார்ந்துகொள்ளுங்கள்" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதில் கேள்வியே இல்லை. அது நடு இருக்கையா என்று கேட்டவர், ஆமாம் என்றதும், மன்னிக்க வேண்டும், தம்மால் முடியாது என்றார். எழுந்து போகும்போது, இரக்கமே இல்லாதவர்கள் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனேன்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் ஓடினேன். மகன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு கையால் அவன் நெற்றியைத் தாங்கி, மறு கையால் காகிதப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்போதுதான் நின்றது. கொஞ்சம் தண்ணீர் கொடுக்கலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். நான் பதில் சொல்லாமல் மகனைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போய்விட்டேன். இறங்கும் கூட்டத்தில் தேடியபோது அவரைக் காணவில்லை.

நெடுவழி:

சகோதரி, உங்கள் மனம் வருந்துவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உரியவர் வருமுன் அவருடைய இடத்தில் உட்கார்ந்துகொள்வது வேண்டுகோள் ஆகாது. நடைபாதையில் பத்துப் பேர் பின்னால் நெருக்க, கையில் பையோடு நிற்கும் ஒருவரால் எதையும் யோசித்து முடிவு செய்ய இயலாது.

எனக்கு இடது முழங்காலில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அந்தக் காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நடைபாதை என் இடப்பக்கம் இருக்க வேண்டும். இருபுறமும் மூன்று மூன்று இருக்கைகள் கொண்ட விமானத்தில் அதற்கு 'டி' மட்டுமே பொருந்தும். 'சி'யும் நடைபாதை ஓரம்தான் என்றாலும் அங்கே நடைபாதை வலப்பக்கம் வந்துவிடும். அன்று 12 டி-யில் இருந்தேன். ஈ, எஃப் இருக்கைகளில் ஒரு தாயும் ஒன்பது வயது இருக்கக்கூடிய மகளும் இருந்தார்கள். நடைபாதைக்கு அந்தப் பக்கம் 12 சி-யில் தந்தை. கை நீட்டினால் எட்டும் தூரம்தான் அவர்களுக்குள் இருந்தது. இடம் மாறிக்கொள்ளலாமே என்று தந்தை கேட்டார். முடியாது என்றேன். "இதுவும் ஓரம்தானே, உங்களுக்கு என்ன வித்தியாசம்?" என்று மூன்று முறை கேட்டார், ஒவ்வொரு முறையும் குரல் உயர்ந்தது.

கடைசியில் கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டித் தழும்பைக் காட்டினேன். அக்கம்பக்கத்து வரிசைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தந்தையை நான் மறந்துவிட்டேன். அந்தப் பெண் முகம் திருப்பியதைத்தான் மறக்க முடியவில்லை. என் உடம்பின் குறையை நான் ஏன் ஒரு குழந்தைக்கு முன்னால் சாட்சியமாக வைக்க வேண்டியிருந்தது?

இரவுப்பயணி:

மறுத்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். நான் ஒத்துக்கொண்டவன். பதினோரு மணி நேர இரவுப் பயணம். குடும்பம் பிரிந்துவிட்டது என்று ஒருவர் கேட்டதும் என் ஜன்னலோர இருக்கையைக் கொடுத்துவிட்டு, கழிவறைச் சுவரை ஒட்டிய கடைசி வரிசையின் நடு இருக்கைக்குப் போனேன். அந்த இருக்கை பின்னால் சாயாது. குடும்பம் என்றால் குழந்தை இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருந்தது ஒரு கணவனும் மனைவியும்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு நீரிழிவு உண்டு. முன்பே சொல்லிவைத்த சிறப்பு உணவு பழைய இருக்கை எண்ணுக்குத்தான் போகும் என்பது எனக்கு அப்போது தெரியாது. உணவு வண்டி புறப்பட்டதைப் பார்த்து இன்சுலின் போட்டுக்கொண்டேன். வண்டி கடைசி வரிசைக்கு வந்தபோது என் தட்டு அதில் இல்லை. கை நடுங்கத் தொடங்கியது. தட்டுத் தடுமாறி முன்னால் போய்ப் பார்த்தால், என் பெயர் எழுதிய அட்டையோடு அந்தத் தட்டு பாதி உண்ணப்பட்டுக் கிடந்தது. "எங்களுக்குத்தான் கொடுத்தார்கள்" என்றார் அந்த அம்மா. ஒரு பணிப்பெண் உடனே பழச்சாறு கொண்டுவந்து கொடுத்து, என்னைத் தரையிலேயே உட்கார வைத்தார். அந்தத் தரையில் இருந்தபடி நான் பார்த்த ஜன்னல் என்னுடையது.

வழித்துணை:

எனக்கு நடந்தது சிறிய விஷயம்தான். நாங்கள் நால்வரும் ஏர்பஸ் ஏ330 விமானத்தின் நடுப்பகுதியில் இருக்கும் நான்கு இருக்கை வரிசையை எடுத்திருந்தோம். கடைசி நேரத்தில் வேறு விமானம், போயிங் 787, வந்தது. அதில் மூன்று மூன்றாகத்தான் இருக்கைகள் உண்டு என்பதால் கணினி எங்களை நான்கு வரிசைகளில் சிதறடித்துவிட்டது. என் இளைய மகள் அந்நியர் இருவருக்கு நடுவில் உட்கார்ந்து, விமானம் ஏறும்போது கண்களை இறுக மூடிக்கொண்டதை மூன்று வரிசைக்குப் பின்னால் இருந்து பார்த்தேன்.

அதனால் சொல்கிறேன், எல்லாரும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். குடும்பம் முழுவதற்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் பயணச்சீட்டு எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நீங்கள் ஒரே குடும்பம் என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. இருக்கைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாமல், விமான மாற்றம் ஏதும் நடந்திருக்கிறதா என்று நாட்கள் நெருங்க நெருங்கப் பார்த்துக்கொண்டே இருங்கள். இணையவழிச் செக்-இன் திறந்தவுடன் செய்துவிடுங்கள். அப்போதும் பிரிந்தே இருந்தால் செக்-இன் முகப்பிலும், அங்கே முடியாவிட்டால் ஏறும் வாயிலிலும் கேளுங்கள். மீதமுள்ள இருக்கைகள் அவர்கள் திரையில்தான் தெரியும். உள்ளே ஏறிய பிறகு கேட்பது எல்லாவற்றிலும் கடைசி வழி.

விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் 2019 டிசம்பரில் இருந்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரின் அடுத்த இருக்கையைக் கூடுதல் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். 5 முதல் 11 வயது வரை அதே வரிசையில், இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. 12, 13 வயதுப் பிள்ளைகள் என்றால் ஒரு வரிசைக்கு மேல் பிரிக்கக்கூடாது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், ஒரே பி.என்.ஆரில் வரும் 12 வயது வரையிலான குழந்தைக்குப் பெற்றோரிலோ காப்பாளரிலோ ஒருவராவது அருகில் இருக்கும்படி இடம் தர உத்தரவிட்டது. அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இப்படி ஒரு விதி முன்மொழியப்பட்டது. அதாவது, இது பயணிகள் ஒருவரிடம் ஒருவர் கெஞ்சித் தீர்க்க வேண்டிய விஷயமாக இருக்கக்கூடாது என்று அரசுகளே எண்ணத் தொடங்கிவிட்டன.

இன்னொன்று. எல்லா இடத்துக்கும் எல்லாரும் மாறிவிட முடியாது. அவசர வழி வரிசையில் சிறுவர்களை உட்கார வைக்க மாட்டார்கள். அமெரிக்க விதிப்படி 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மடிக்குழந்தையோடு இருப்பவர்கள் இருவர் ஒரே மூன்று இருக்கைத் தொகுதியில் உட்காரவும் முடியாது, ஏனெனில் ஒற்றை நடைபாதை விமானங்கள் பெரும்பாலானவற்றில் மூன்று இருக்கைகளுக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகக்கவசங்கள்தான் இருக்கும். ஐந்தாவது மூச்சுக்கு இடமில்லை. ஆகவே உங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டாலும் பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறுங்கள். இரவுப்பயணி அவர்களும் அப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தட்டு சரியான கைக்கு வந்து சேர்ந்திருக்கும்.

இரவுப்பயணி:

ஐயா, மாறும்போது பணிப்பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்ததே போதும் என்று நினைத்தேன். உணவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். உதவி செய்யப் போனவன் எல்லா நுணுக்கமும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத் தெரியவில்லை.

முன்னாள் பணிப்பெண்:

கேபினில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். வழித்துணை சொன்னவை பெரும்பாலும் சரி. ஆனால் ஏறிய பிறகு பணியாளரிடம் சொன்னால் முடிந்துவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். நாங்கள் கேட்டுப் பார்ப்போம், யாரையும் கட்டாயப்படுத்தி எழுப்ப மாட்டோம். கதவு மூடும் நேரம் நெருங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சில நிமிடங்களில் யாரிடம் முதலில் கேட்பது என்று எங்களுக்குள் ஒரு கணக்கு ஓடும். தனியாக வந்திருப்பவரிடம், வயதானவரிடம், முகத்தில் சாந்தம் உள்ளவரிடம் கேட்போம். மறுக்க மாட்டார் என்று தோன்றுபவரிடம்தான் எப்போதும் கேட்டோம் என்பது இப்போது நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

ஒரு முறை ஆறும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகள் தாயிடமிருந்து பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்த ஒரு முதிய அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "குழந்தைகள்தானே, சரி அம்மா" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரை வேறொரு வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார வைத்தேன். தரையிறங்கும் முன் பெல்ட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தபோது, அவர் கழுத்தை முடிந்த மட்டும் நீட்டி, தூங்கிக்கொண்டிருந்த இருவருக்கு அப்பால், பாதி மூடியிருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் தெரிகிறதா அம்மா என்று கேட்டேன். "இதுதான் முதல் தடவை. மகள்தான் பார்த்துப் பார்த்து அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தாள்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு துளிகூட இல்லை. தரையிறங்க நான்கைந்து நிமிடங்களே இருந்தன, அந்த நேரத்தில் யாரையும் எழுப்பவோ மாற்றவோ முடியாது.

குழந்தைகளைப் பிரிக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆக்சிஜன் முகக்கவசத்தை முதலில் நீங்கள் அணிந்து, பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள் என்று ஒவ்வொரு பயணத்திலும் சொன்னோம். ஐந்து வரிசை தள்ளி இருக்கும் தாய் அதை எப்படிச் செய்வாள்? பாதி வாயில்களை மட்டும் கொண்டு 90 விநாடிகளில் எல்லாரும் வெளியேற முடிகிறது என்று காட்டித்தான் ஒரு விமான வகை அனுமதி பெறுகிறது. உண்மையான ஆபத்தில் பிள்ளையைத் தேடி ஒரு தந்தை கூட்டத்தை எதிர்த்து நடந்தால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? இவையெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த அம்மாவிடம், ஜன்னல் வேண்டுமா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கணவனும் மனைவியுமாக அடுத்த வரிசையில் இருந்த இருவரில் ஒருவரை எழுப்பியிருக்கலாம். அவர்களிடம் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

ஏழாம் வரிசை:

பிரிந்து உட்கார்ந்த பிள்ளையாக இருந்தவன் நான். அப்போது எனக்கு ஏழு வயது. இங்கே எல்லாரும் குழந்தை பயந்துபோகும் என்று எழுதுகிறீர்கள். நான் பயப்படவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் நினைவில் பதிந்தது அதுவல்ல. அம்மா பின்னால் இருந்து நொடிக்கொரு முறை எழுந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று பணியாளர்கள் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். யாரோ சலித்துக்கொண்டார்கள். அம்மாவை அத்தனை பேர் கோபமாகப் பார்த்தது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போக வேண்டும் என்பதைக்கூடச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நல்லவர்தான், ஒரு புத்தகத்தைக் காட்டினார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது என் கால்சட்டை நனைந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தம் சால்வையை என் இடுப்பில் கட்டிவிட்டார்.

மழைக்குருவி:

நெடுவழி அவர்களுக்கு: அவர் ஏன் மறுத்தார் என்று நான் கேட்கவே இல்லை. உங்கள் முழங்காலைப் பற்றிப் படித்த பிறகு, அவர் எழுந்து எனக்கு வழிவிட்டபோது முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார் என்பது நினைவுக்கு வருகிறது. அது வலியா, வெறும் பழக்கமா என்று இனித் தெரிய வழியில்லை.

போன மாதம் மீண்டும் பயணம் செய்தோம். இந்த முறையும் பிரிந்துவிட்டோம், இரண்டு வரிசை தூரம். மகனுக்கு இப்போது ஏழு வயது. அவனுக்குப் பக்கத்து இருக்கைக்கு உரிய பெண் வரும்வரை நடைபாதையை விட்டு ஒதுங்கி நின்றேன். என்னுடையது நடு இருக்கை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவர் சற்று யோசித்து, தம்மால் முடியாது என்றார், காரணம் சொல்லவில்லை. அவனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால் என்னை ஒரு முறை கூப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டேன். சரி என்றார். பயணம் பாதி கடந்தபோது அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையசைத்தார்.